ஆஸ்ட்ரோசைட் கால்சியம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையில் நியூரான்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குக் கால்சியம் ஏறி இறங்குவதே சமிக்ஞை. அதை அளக்க மைக்ரோஸ்கோப் முன் புதிதாக உட்காருபவர்கள் தங்கள் பதிவுகளைக் கொண்டுவந்து காட்டும்போது, என் பழைய பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. ஃபோகஸ் விலகுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

செல் உடலை மட்டும் அளப்பது

செல்லின் உள்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும் ஐபி3 ஏற்பியின் 2ஆம் வகை நீக்கப்பட்ட எலிகளில் பல மாதம் பதிவு எடுத்தேன். ஒவ்வொரு செல் உடலைச் சுற்றியும் ஒரு வட்டம் வரைந்து அளந்தேன். கோடு தட்டையாக வந்தது. கால்சியம் சமிக்ஞை அற்றுப்போயிற்று, அப்படியும் நியூரான்கள் சந்திக்கும் இடங்களான சினாப்ஸ்கள் மாறவில்லை, ஆகவே நியூரான்களின் உரையாடலில் ஆஸ்ட்ரோசைட்டுக்குப் பங்கில்லை என்று எழுதிவிட்டேன்.

அற்றுப்போகவில்லை. இதே வகை எலிகளில் ஆஸ்ட்ரோசைட்டின் மெல்லிய கிளைகளில் கால்சியம் ஏறி இறங்குவதை 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. செல் உடலில் எழும் கால்சியம் பெரும்பாலும் உள்கிடங்கிலிருந்து அந்த ஏற்பி வழியாக வருகிறது. கிளைகளிலோ வெளியிலிருந்து சவ்வைக் கடந்தும் நுழைகிறது. சினாப்ஸ்களை ஒட்டி நிற்பவை அந்தக் கிளைகள்தானே! ஆஸ்ட்ரோசைட் வெளிவிடும் ஏடிபி என்ற மூலக்கூறு அடினோசினாக மாறி, நியூரான்கள் ஒன்றையொன்று தூண்ட வெளிவிடும் குளுட்டமேட்டின் அளவைத் தணிப்பது போன்ற வேலைகள் நடப்பதும் அங்கேதான். நான் பார்த்தது வாசலை. பேச்சு நடந்தது உள்ளறையில்.

பதிவுகளை மறுபடி அலசவும் வழியில்லை. நான் ஏற்றிய சாயம் தடித்த கிளைகளைத் தாண்டிப் போகவே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் யாராவது அந்த வட்டத்தை வரைந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. கால்சியம் ஏறினால் ஒளிரும் புரதமான ஜிகேம்ப்பில், சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் வகையைப் பயன்படுத்துங்கள். வட்டத்தை முன்கூட்டியே வரையாமல், ஒவ்வொரு கால்சியம் எழுச்சியும் எங்கே தோன்றி எதுவரை பரவுகிறது என்று தொடருங்கள்.

லேசரைக் கூட்டுவது

வேண்டாம். அதிக ஒளியே கால்சியத்தைக் கிளப்பிவிடும்.

குட்டி எலியின் முடிவை வளர்ந்த எலிக்குப் பொருத்துவது

குளுட்டமேட்டை உணரும் எம்ஜிலுஆர்5 ஏற்பி, எலி வளர வளர ஆஸ்ட்ரோசைட்டுகளில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று 2013இல் காட்டினார்கள். சரி, வளர்ந்த எலியில் பெரிய எழுச்சிக்கு எது காரணம்? விழித்திருக்கும் எலி திடுக்கிடும்போது மூளையில் பாயும் நோர்எபிநெஃப்ரின் என்ற ரசாயனம் ஒரு முக்கியக் காரணம்.

மயக்க மருந்து

ஆஸ்ட்ரோசைட் கால்சியத்தை அது அடக்கிவிடும். முடிந்தவரை விழித்திருக்கும் எலியில் அளங்கள்.

நியூரானின் வேகத்தில் தேடுவது

நியூரானின் துடிப்பு மில்லிநொடிக் கணக்கு. ஆஸ்ட்ரோசைட் எழுச்சி பெரும்பாலும் நொடிக் கணக்கு, அடுத்தது எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. அரை நிமிடப் பதிவை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள். பல நிமிடங்கள் ஓடவிடுங்கள்.