தன்னுணர்வை அளக்கும் வினாக்கொத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் உளவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இறுதியாண்டு ஆய்வுக்குத் தன்னுணர்வை, அதாவது ஒருவர் தன்மீதே கவனம் வைக்கும் இயல்பை, தலைப்பாக எடுக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் புள்ளிவிவரத்துக்குக் காட்டும் அக்கறையைக் கேள்வியின் சொற்களுக்கும் காட்ட வேண்டும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது 1975இல் ஃபெனிக்ஸ்டைன், ஷையர், பஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட அளவுகோல். 23 கூற்றுகள், மூன்று பகுதிகள்: தன் உள்ளத்தைக் கவனிப்பது, பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று கவனிப்பது, நாலு பேர் முன்னால் வரும் பதற்றம்.

கவனிப்பதையும் கவலைப்படுவதையும் ஒரே கூற்றில் கலப்பதுதான் மிகப் பெரிய தவறு. வெள்ளவத்தையில் கலியாண வீட்டுக்குப் புறப்படும் ஒரு பெண், கண்ணாடி பார்த்துச் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். “என் தோற்றத்தைக் கவனிப்பேன்” என்றால் ஆம் என்பார். “என் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவேன்” என்றால் மாட்டார். மூல அளவுகோலின் இரண்டாம் பகுதியிலேயே கவலை என்ற சொல் வருகிறது. அப்புறம் “தன்னுணர்வு கூடினால் பதற்றமும் கூடும்” என்று முடிவு எழுதினால், அந்தத் தொடர்பில் எவ்வளவு மனிதரிடமிருந்து வந்தது, எவ்வளவு நம் சொல்லிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. முதல் பகுதியிலும் இதே சிக்கல்தான். “என்னைப் பற்றி நிறைய யோசிப்பேன்” என்பதற்கு, நடந்ததையே நினைத்து நொந்துகொண்டிருப்பவரும் தன்னை அறிய ஆசைப்படுபவரும் ஒரே கட்டத்தில் அடையாளம் இடுவார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க டிராப்னெலும் கேம்பலும் 1999இல் வேறொரு வினாக்கொத்தே உருவாக்கினார்கள்.

எதிர்மறைக் கூற்றுகளில் இன்னும் கவனம் வேண்டும். “புதியவர்களோடு பேசுவது எனக்குச் சிரமமில்லை” என்பதற்கு ஒருவர் “இல்லை” என்றால், சிரமமில்லை என்கிறாரா, கூற்றையே மறுக்கிறாரா?

விடை எண்களும் கேள்வியின் பகுதிதான். 1991இல் ஷ்வார்ட்ஸ் குழுவினர், வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி கண்டீர்கள் என்று கேட்டார்கள். 0 முதல் 10 வரை கொடுத்தபோது 34 வீதமானோர் கீழ்ப்பாதியில் நின்றார்கள். −5 முதல் +5 வரை கொடுத்தபோது 13 வீதமானோர்தான். கேள்வியில் எந்த மாற்றமும் இல்லை.

படிக்கச் சிரமமான வாக்கியமும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் ஷையரும் கார்வரும் 1985இல் மூல அளவுகோலை எளிமையாக்கினார்கள். நீங்களும் வினாக்கொத்தை அச்சடிக்க முன்னர் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்காரர், ஒரு அம்மா, ஒரு ஏ.எல். மாணவர் என்று சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். ஆளுக்கு ஆள் வேறாகச் சொல்லும் கூற்றைத் திருத்துங்கள்.