டிஎன்எஸ் கோளாறா? கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், நெட் போகல" என்று வேலூர் பக்கம் காட்பாடியிலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ போன் வரும்போது அங்கே ஏற்கெனவே இரண்டு வேலை முடிந்திருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள், யாரோ ஒரு பையன் வீடியோ பார்த்து டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி என்ற எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 என்று அடித்தும் வைத்திருப்பான். இரண்டுமே பெரிய பாவமில்லை. ஆனால் கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே தடயத்தை அழித்துவிடுகிறார்கள். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது, நாளைக்கு மறுபடி போன் வரும்.

முதலில் இது டிஎன்எஸ் கோளாறுதானா என்று பாருங்கள். 1.1.1.1 என்ற எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) போகிறது, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் போகவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல். எண்ணுக்கே போகவில்லையா, டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டுக் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். கம்ப்யூட்டரின் ஐபி 169.254 என்று ஆரம்பித்தால் டிஎச்சிபி (மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் சேவை) அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஐபி என்று ஒன்று தெரிகிறதே என்று நம்பினால் அது தண்ணீர் இல்லாத பாலாறுதான். தலைகீழாகவும் ஏமாறுவார்கள். பெயரை பிங் செய்ததும் பக்கத்தில் ஐபி எண் காட்டி, அதன் பிறகு 'டைம்டு அவுட்' என்று வந்தால் டிஎன்எஸ் தன் வேலையை முடித்துவிட்டது. பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வர்கள் ஏராளம், அதற்கு டிஎன்எஸ்ஸைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது, எல்லாப் பிழையையும் ஒரே பிழையாக எடுத்துக்கொள்வது. என்எஸ்லுக்அப் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள், எந்த சர்வரைக் கேட்டது என்று மேலேயே காட்டும். பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை, பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. பதிலே வரவில்லை என்றால் அந்த சர்வரை எட்ட முடியவில்லை, அல்லது நடுவில் ஃபயர்வால் டிஎன்எஸ் போகிற 53ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது. 'அப்படி ஒரு டொமைன் இல்லை' என்று வந்தால் சர்வர் நன்றாகவே இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், பதிவு இல்லாமல் இருக்கலாம், அல்லது கேட்கக் கூடாத சர்வரைக் கேட்டிருக்கிறீர்கள். 'சர்வர் ஃபெயில்டு' என்றால் அது மேலே போய்க் கேட்டும் பதில் எடுக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

இந்தப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தால் வரும் வம்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் விண்டோஸ் டொமைன் சர்வர் ஒன்று ஓடும், உள் டிஎன்எஸ்ஸும் அதுதான், எல்லா மெஷினும் அதில்தான் லாகின் ஆக வேண்டும். ஒருநாள் அந்த சர்வர் கொஞ்ச நேரம் படுத்திருக்கும், யாரோ 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8 போட்டுவிடுவார்கள். இரண்டாவதை முதலாவதின் எடுபிடி என்று நினைக்கிறார்கள்: முதலாவதுக்குத் தெரியாததை இரண்டாவதிடம் கேட்கும் என்று. அப்படி இல்லை. முதலாவது 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி, அதுவும் ஒரு பதில்தான், வேறு யாரையும் கேட்காது. முதலாவது பதிலே சொல்லாமல் இருந்தால்தான் அடுத்ததற்குப் போகும், போன பிறகு கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொள்ளவும் செய்யும். உங்கள் கம்பெனியின் உள் சர்வர் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? 'இல்லை' என்று சொல்லிவிடும். அப்புறம் லாகின் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், ஷேர் ஃபோல்டர் காலையில் திறக்கும் மதியம் திறக்காது, பிரின்டர் பழி ஏற்கும். மெஷின்களில் உள் டிஎன்எஸ் மட்டும்தான் இருக்க வேண்டும். வெளியே கேட்கிற வேலையை அந்த சர்வரிலேயே ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாததை அனுப்பிக் கேட்கும் இடமாக) 8.8.8.8 கொடுத்துச் செய்ய விடுங்கள். மாற்று வேண்டும் என்றால் இன்னொரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது அதே மாதிரி இன்னொரு டொமைன் சர்வர், போடுங்கள்.

காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் கதை வேறு. ஆஸ்பத்திரிக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் வீட்டுக்கு வீடியோ கால் பேச வைஃபையைத்தான் நம்பியிருப்பார்கள். மாடியில் கேபிள் செருகும் போர்ட் போதவில்லை என்று பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை சுவிட்ச் மாதிரி மாட்டியிருப்பார்கள், அதன் டிஎச்சிபியை அணைத்திருக்க மாட்டார்கள். அதுவும் சும்மா இராமல் ஐபி கொடுக்கும், 'நானே டிஎன்எஸ்' என்றும் சொல்லும், ஆனால் அதற்கே வெளியே போக வழி இருக்காது. சில அறைகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது, மறுநாள் அறைகள் மாறிவிடும். சர்வீஸ்காரரைத் திட்டுவதற்கு முன் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) கட்டளை போட்டு, வேலை செய்கிற மெஷினிலும் செய்யாத மெஷினிலும் டிஎச்சிபி சர்வர் என்ற வரியை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு எண் என்றால் மாடிப்படி ஏறி அந்தப் பெட்டியைத் தேட வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பம்: என்எஸ்லுக்அப் ஒரு ஐபி சொல்கிறது, பிரவுசர் வேறு எங்கோ போகிறது. என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (பெயருக்கு ஐபியைக் கையால் எழுதி வைக்கும் ஃபைல்) விண்டோஸ் கேச்சையும் (முன்பு கேட்ட பதில்களின் சேமிப்பு) பார்க்காது. பிங் இரண்டையும் பார்க்கும். ஆக, என்எஸ்லுக்அப்பும் பிங்கும் முரண்பட்டால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள், எப்போதோ டெஸ்ட்டுக்குப் போட்ட வரி அங்கே உட்கார்ந்திருக்கும். நோட்பேடில் திருத்தி ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று சேவ் ஆகிவிட்டால் அந்த ஃபைலை விண்டோஸ் சீண்டவே சீண்டாது, அதையும் கவனியுங்கள். பிரவுசருக்குத் தனிக் கேச் உண்டு, செட்டிங்ஸில் செக்யூர் டிஎன்எஸ் (மறையாக்கம் செய்து கேட்கும் டிஎன்எஸ்) போட்டிருந்தால் அது உங்கள் சர்வரை விட்டுவிட்டு வெளியே தனியாகக் கேட்கும்.

வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிறவர்கள் ஃப்ளஷ்டிஎன்எஸ் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அது உங்கள் மெஷினின் கேச்சை மட்டும்தான் துடைக்கும். பழைய பதிவின் டிடிஎல் (பதிலை எத்தனை வினாடி கேச்சில் வைக்கலாம் என்ற கணக்கு) 86400 வினாடி என்றால், மாற்றுவதற்குச் சற்று முன் அதைக் கேட்டு வைத்துக்கொண்ட சர்வர் ஒரு நாள் முழுக்கப் பழைய ஐபியையே சொல்லலாம், அதில் தப்பில்லை. முந்தின நாளோ அதற்கும் முன்போ டிடிஎல்லை 300 ஆக்கிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். புதுப் பெயர் என்றால் பதிவைச் சேர்ப்பதற்கு முன் 'வந்துவிட்டதா' என்று எட்டிப் பார்க்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலும் கேச்சில் ஏறும், நீங்களே உங்கள் காத்திருப்பை நீட்டிக்கொள்கிறீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தாலும் செக்யூர் டிஎன்எஸ் வேலை செய்யாது, சான்றிதழ் செல்லாது என்று மறுத்துவிடும். லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கமே வரவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வருகிறவர்களிடம், டிஎன்எஸ்ஸைக் கையால் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதைத் தானியங்கிக்கு மாற்றினாலே பல நேரம் பக்கம் வந்துவிடும்.