ப்ளூஸ் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை மதுரை அரங்கில் எடுத்துச் சொல்வது எப்படி

மதுரையில் கல்லூரி இசை மன்றத்திலோ நூலகக் கூட்டத்திலோ அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையின் கலைஞர் ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நேர்ந்தால், மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிட்டார் வாசித்தபடி தணிந்த குரலில் பாடியவர் என்பதால், ப்ளூஸை முன்பின் கேட்டிராதவர்களுக்கும் அவருடைய பாட்டு எளிதில் பிடிபடும். சித்திரைத் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தெருவெங்கும் ஒலிபெருக்கி முழங்கும்போது இந்தக் குரல் எடுபடாது.

பேச்சைப் பாட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. கிட்டார் தெரிந்த மாணவர் ஒருவரை மேடையில் உட்காரவைத்து, முதலில் கட்டைவிரலால் மட்டும் தடித்த தந்திகளை மாறி மாறி, காலம் தப்பாமல் மீட்டச் சொல்லுங்கள். அது நிலைத்த பிறகு சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கட்டும். ஒரே ஆள் இரண்டு பேர் வாசிப்பதுபோல் ஒலிக்கும் அந்த இடத்தில், ஹர்ட்டின் திறமை எதில் இருக்கிறது என்பது விளக்கமில்லாமலே அரங்குக்குப் புரிந்துவிடும். ப்ளூஸ் பாடல்களுக்குப் பொதுவான, பன்னிரண்டு தாளப் பகுதிகள் கொண்ட ‘பன்னிரண்டு பார்’ சட்டகத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அவருடைய பாடல்கள் பல அதற்குள் அடங்காதவை.

வாழ்க்கைக் குறிப்புகளில் 1928-ஐ விரிவாகச் சொல்லுங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் அவலான் என்ற சிற்றூரில் விவசாயக் கூலியாக வாழ்ந்த ஹர்ட், அந்த ஆண்டு ஓகே (Okeh) என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மெம்ஃபிசிலும் பின்னர் நியூயார்க்கிலும் பாடிப் பதிவு செய்தார். இசைத்தட்டுகள் சரியாக விற்கவில்லை. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த வாய்ப்பும் மறைந்தது. ஊர் திரும்பியவர் மறுபடி வயல் வேலை பார்த்தார்.

இங்கிருந்து, ஹர்ட் மீண்டும் கண்டறியப்பட்ட 1963-க்குத் தாவுவதுதான் பெரும்பாலான பேச்சாளர்களின் வழக்கம். அதை நீங்கள் செய்யாதீர்கள். இடைப்பட்ட 35 ஆண்டுகளை வெறும் மறைவுக் காலமாகச் சொன்னால், அவரைத் தேடிச் சென்றவர் கதாநாயகராகிவிடுவார், பாடியவர் பின்னுக்குப் போய்விடுவார். அக்காலத்திலும் அவர் அக்கம்பக்கத்தாருக்காக வாசித்துக்கொண்டுதான் இருந்தார். சோழவந்தான் பக்கத்தில் நடவுப் பாட்டுக்குப் பேர்போன ஒருவர், ஒலிப்பதிவு ஏதுமில்லாமலே ஊரில் பாடகராக வாழ்ந்துவிட முடியும் என்பதை நம் கேட்போருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்த இணைப்பை ஒரு வாக்கியத்தில் சுட்டினால் போதும்.

1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அவரைத் தேடிக் கண்டடைய, 1928-இல் ஹர்ட் தம் ஊர்ப் பெயரை வைத்துப் பாடிய ‘அவலான் ப்ளூஸ்’ பாடலே வழிகாட்டியது. அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எழுபது வயதை ஒட்டிய ஹர்ட் பாடினார். 1966 நவம்பரில் மறைந்தார். இந்த இடத்தில், ஒரே பாடலின் 1928 பதிவையும் 1960-களின் பதிவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். குரல் முதிர்ந்திருப்பதையும் கட்டைவிரலின் நடை மாறாதிருப்பதையும் கேட்போரே கவனித்துச் சொல்லட்டும்.

கேள்வி நேரத்தில், நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்ற கதையை யாராவது எழுப்புவார்கள். அது ராபர்ட் ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ் கலைஞரைச் சுற்றிச் சொல்லப்படும் கதை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, மீதி நேரத்தில் இன்னொரு ஹர்ட் பாடலைப் போடுங்கள்.