பின்வரிசையில் நிலையான இடம் பிடிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில், உள்ளூர் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக் கிளப்பின் பின்வரிசை ஆட்டக்காரர்களுக்கு, அதாவது கோலைக் காக்கும் பாதுகாப்பாளர்களுக்கு, பயிற்சி அளித்து வருகிறேன். சென்ற சனிக்கிழமை, இரண்டாம் அணியில் பல வாரங்கள் காத்திருந்து முதல் அணிக்கு அழைக்கப்பட்ட 19 வயதுப் பையன் ஒருவன், மூன்றாம் குவார்ட்டரில் தன் ஆளை, அதாவது தான் காவல் நிற்க வேண்டிய எதிரணிக்காரரை, விட்டுவிட்டு நாலு எட்டு முன்னால் ஓடினான்; பிறகு தயங்கி நின்றான். பந்து அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது. அவன் விட்டுவந்த ஆள் அதைப் பொறுக்கி எடுத்து, அவசரமே இல்லாமல் கோல் அடித்தார். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். 14 ஆண்டுகளுக்கு முன் அதே தவறை, ஏறக்குறைய அதே இடத்தில், நானே செய்திருக்கிறேன்.

பந்தை நழுவவிடுவது, நான்காம் குவார்ட்டரில் மூச்சு வாங்குவது, பயிற்சிக்குத் தாமதமாக வருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல எல்லாக் கிளப்பிலும் பத்துப் பேர் இருப்பார்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் முட்டை வடிவப் பந்தோடு நான்கு குவார்ட்டர்கள் ஆடும் ஆட்டம் இது. நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி; அவற்றின் இருபுறமும் உள்ள சிறிய கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் பறந்து வரும் உதையை யாரும் தொடுவதற்கு முன் பிடித்துவிட்டால் அது மார்க். பிடித்தவர் இடையூறின்றி நின்று உதைக்கலாம். ஆஃப்சைடு கிடையாது. ஆகவே எதிரணியின் முன்வரிசையாளர் எங்கு வேண்டுமானாலும் நிற்பார், எங்கு வேண்டுமானாலும் ஓடுவார். அவருக்குப் பக்கத்தில் நிற்பதே எங்கள் தொழில். இந்த ஆட்டத்தின் உச்ச லீகான ஏஎஃப்எல்லில், கிளப் ஒன்றின் பட்டியலில் 40க்கும் மேற்பட்டவர்கள் இருக்க, ஒரு வாரத்துக்கு 23 பேர்தான் தேர்வாக முடியும். எஞ்சியவர்களும், உள்ளே வெளியே என்று ஊசலாடுகிறவர்களும் மாநில லீகில் ஆடிக்கொண்டு, வியாழக்கிழமை மாலை வெளியாகும் பெயர்ப் பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். எங்களைப் போன்ற சிறிய கிளப்பிலும் அதே வியாழக்கிழமை, அதே காத்திருப்பு.

அரைமனதோடு ஆளை விட்டுப் போவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

உயரமாக ஒரு பந்து பின்வரிசையை நோக்கி வரும்போது, பாதுகாப்பாளருக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. தன் ஆளுக்கும் கோலுக்கும் இடையில் உடம்பை வைத்துக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒட்டி நிற்பது ஒன்று. அவரை விட்டுவிட்டு, பந்து விழும் இடத்துக்கு முழு வேகத்தில் போய், அங்கே போட்டியிடும் சக ஆட்டக்காரருக்குத் துணையாகப் பந்தைக் குத்திவிடுவது அல்லது மார்க் பிடிப்பது மற்றொன்று. இரண்டுமே சரியான முடிவுகள்தான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்கே நிற்பவன் தன் ஆளையும் காக்கவில்லை, பந்தையும் தொடவில்லை. புதிதாக அழைக்கப்பட்ட பையன்கள் எல்லாரும் அந்த வெற்றிடத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

காரணம் எளிது. ஒரே ஆட்டத்தில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு காலை முன்னால் இழுக்கிறது. தவறினால் அடுத்த வாரம் பெயர் இருக்காது என்ற பயம் அதே காலைப் பின்னால் இழுக்கிறது.

என் கதை ஆகஸ்ட் மாதத்து மழைநாள் ஒன்றில் நடந்தது. அந்தப் பருவத்தில் முதல் அணிக்கு நான் ஆடிய நான்காவது ஆட்டம்; நாங்கள் 4 புள்ளிகள் முன்னிலையில் இருந்தோம்; கடைசிக் குவார்ட்டரில் ஐந்து நிமிடங்கூட மீதமில்லை. என் ஆள் முப்பதைத் தாண்டிய, ஓட்டம் குறைந்த, ஆனால் எல்லாம் தெரிந்த மனிதர். பந்து எங்கள் பக்கம் உயர்ந்து வந்தபோது, இருபது மீட்டர் தள்ளி எங்கள் ஃபுல் பேக் (கோலுக்கு மிக அருகில் நிற்கும் பாதுகாப்பாளர்) தனியாக இரண்டு பேரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். ஓடினேன். நாலாவது எட்டில் தோளுக்கு மேலாகத் திரும்பி என் ஆளைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்கு ஆன நேரத்தில் பந்தைக் குத்தும் வாய்ப்பு போய்விட்டது. ஈரப்பந்து மூன்று பேரின் கைகளிலும் பட்டுச் சிதறி உருண்டு, நான் விட்டுவந்த மனிதரின் காலடியில் போய் நின்றது. அவர் ஓடக்கூட இல்லை. குனிந்தார், எடுத்தார், உதைத்தார். 2 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அடுத்த ஆறு வாரம் நான் இரண்டாம் அணியில் இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டினார். பின்வரிசை ஆட்டக்காரனை எடைபோட வேண்டுமானால் அந்தக் கோணத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி பந்தைத் தொடர்ந்து ஓடும். கோலுக்குப் பின்னால் உள்ள கேமராவோ பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதை மறைக்காமல் காட்டும். அதில் பார்த்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. முதலாவது, நான் ஓடியது தவறே அல்ல. தொடர்ந்து ஓடியிருந்தால் இரண்டு எட்டு முன்னதாகவே பந்தை அடைந்திருப்பேன். இரண்டாவது, எனக்குப் பின்னால் எங்கள் ஹாஃப் பேக் (கோலிலிருந்து சற்று முன்னால் ஆடும் பாதுகாப்பாளர்) ஒருவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவர் என் ஆளிடம் போயிருப்பார். நான் போகிறேன் என்பதே அவருக்குத் தெரியாது.

மக்கள் நினைவில் நிற்கும் காட்சிகள் இந்தத் தவறுக்கு உரமிடுகின்றன. 2005 ஏஎஃப்எல் இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் சிட்னியின் லியோ பாரி கூட்டத்துக்கு மேலே பாய்ந்து பிடித்த மார்க்கும், 4 புள்ளி வித்தியாசத்தில் அந்த அணிக்குக் கிடைத்த, 72 ஆண்டுகள் காத்திருந்த கோப்பையும் எல்லாருக்கும் தெரியும். 2018 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெக்கவர்ன் பின்வரிசையில் இடைமறித்துப் பிடித்த மார்க்கிலிருந்து பந்து கைமாறிக் கைமாறி டொம் ஷீடிடம் போய்ச் சேர்ந்ததும், 5 புள்ளியில் காலிங்வுட் தோற்றதும் அப்படியே. பையன்கள் அந்தப் பாய்ச்சலை மட்டும் பார்க்கிறார்கள். பாரி பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கவர்ன் ஆடிய அணியோ ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகரும்படி பழகிய அணி. அந்த ஏற்பாட்டுக்கு 2015 வாக்கிலேயே ‘வலை’ என்று பெயர் கிடைத்திருந்தது. வலையில் ஒரு கண்ணி மட்டும் தன்னிச்சையாக ஓடினால் ஓட்டைதான் மிஞ்சும்.

நான் பையன்களுக்குக் காட்டுவது வேறொரு காட்சி. வெஸ்டர்ன் புல்டாக்ஸின் டேல் மோரிஸ், மாநில லீகின் வெரிபீ அணியிலிருந்து, முதன்மைப் பட்டியலுக்கு வெளியே புதியவர்களுக்கான ரூக்கி பட்டியல் வழியாக, யாரும் பெரிதாகப் பேசாத நிலையில் உள்ளே வந்தவர். 2005 இல் முதல் ஆட்டம். மொத்தம் 253 ஆட்டங்கள். 2016 இறுதிப் போட்டியின் கடைசிக் குவார்ட்டரில், பந்தோடு திரும்பிய சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளினை எட்டிப் பிடித்து அவர் சாய்த்தார். சிதறிய பந்தை எடுத்த டொம் பாய்ட் தொலைவிலிருந்து அடித்தது கோலானது. 1954க்குப் பிறகு அந்தக் கிளப் வென்ற முதல் கோப்பை அது. முதுகெலும்பில் முறிவோடு மோரிஸ் அந்த ஆட்டத்தை ஆடினார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. வலியோடு ஆடச் சொல்வதற்காக இதை நான் காட்டுவதில்லை. முறிவு இருந்தால் வீட்டில் இருங்கள். போவது என்று முடிவெடுத்த கால் எப்படி இருக்கும் என்பதைக் காட்டத்தான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? எதிரணிக்காரரின் காலை விட்டுப் பந்து கிளம்பும்போதே முடிவெடுங்கள். 50 மீட்டர் உதை ஏறத்தாழ 3 நொடி காற்றில் இருக்கும். முதல் நொடியில் எடுத்த முடிவுக்கு மதிப்பு உண்டு, மூன்றாவது நொடியில் எடுத்ததற்கு இல்லை. போவதானால் போகிறேன் என்று கத்துங்கள். போன பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள். இரண்டு கையாலும் பிடித்துவிடுவேன் என்ற உறுதி இல்லையென்றால் முஷ்டியால் குத்துங்கள், அதுவும் எல்லைக்கோட்டின் பக்கமாக. கோல் முகத்துக்கு நேரே குத்திய பந்து யாருடைய பந்தாகவும் ஆகலாம்.

திட்டு வாங்கிய பிறகு ஒட்டிக்கொண்டே திரிவது

ஆறு வாரம் இரண்டாம் அணியில் இருந்துவிட்டுத் திரும்பியபோது நான் செய்தது இதைத்தான். என் ஆளை விட்டு அங்குலம் நகரவில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போனால் நானும் போவேன் என்ற நிலை. எதிரணிப் பயிற்சியாளர் அதைக் கண்டுபிடிக்க ஒரு குவார்ட்டர்கூட ஆகவில்லை. என் ஆளை எல்லைக்கோட்டின் ஓரமாக நிறுத்திவைத்தார், நானும் அங்கே போய் நின்றேன், நடுவில் அகலமான பாதை திறந்துவிட்டது. என் ஆள் ஒரு கோலும் அடிக்கவில்லை. நாங்கள் எட்டு கோலில் தோற்றோம். என் ஆள் அடிக்கவில்லையே என்று நான் சொன்னபோது பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

தன் ஆளின் கணக்கை மட்டும் வைத்துக்கொள்பவன் ஒரு வாரம் தப்பிக்கலாம். நிலையான இடம் கிடைப்பது, தன் ஆள் அபாயமில்லாத இடத்தில் நிற்கும்போது அவரை விட்டு உள்ளே நகர்ந்து நிற்கத் தெரிந்தவனுக்கு.

வாய் திறக்காமல் ஆடுவது

கத்துங்கள். கூச்சம் உள்ளவர்களுக்குப் பின்வரிசையில் இடமில்லை.

கோலுக்குக் குறுக்கே உதைப்பது

வேண்டாம்.

பயந்து பந்தை உள்ளே தள்ளுவது

பாதுகாப்பாளர் தாமே பந்தைத் தம் கோல் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் எதிரணிக்கு 1 புள்ளி மட்டுமே; அதன் பிறகு உதைத்துத் தொடங்கும் உரிமை நம்முடையது. ஒரு காலத்தில் இது லாபமான பேரமாக இருந்தது. 2008 இறுதிப் போட்டியில் ஜீலாங்குக்கு எதிராக ஹாதோர்ன் 11 முறை இவ்வாறு பந்தை உள்ளே தள்ளி, கோப்பையையும் வென்றது. மறு ஆண்டே விதி மாறியது. நெருக்கடி இல்லாத நிலையில் வேண்டுமென்றே தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கோல் வாயிலில் கிடைக்கும் ஃப்ரீ கிக் என்றால் 6 புள்ளியை நாமே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். பழைய ஆட்டங்களைக் காணொளியில் பார்த்து வளர்ந்த பையன்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பின்னால் ஒருவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டால் தள்ளுங்கள். கேட்காவிட்டால் பந்தோடு திரும்புங்கள்.

கையை வெட்டுவது

மார்க் பிடிக்க நீண்ட கைகளை வெட்டுவது, அதாவது அடித்துத் தட்டிவிடுவது, எதிரணிக்கு ஃப்ரீ கிக். பந்தைக் குத்தப் போங்கள், கையை அல்ல.

இரண்டாம் அணியில் பந்தைத் தேடி அலைவது

இறக்கிவிடப்பட்டவன் மனதில் ஒரே கணக்கு ஓடும்: நிறையப் பந்தைத் தொட்டால் அழைப்பு வரும். ஆகவே பின்வரிசையில் ஆட வேண்டியவன் நடுமைதானத்தில் சுற்றுகிறான். ஆட்டம் முடிந்ததும் முப்பது தடவை தொட்டேன் என்று வந்து நிற்கிறான். அவன் காக்க வேண்டிய ஆள் நான்கு கோல் அடித்திருப்பார். இந்தக் கணக்கோடு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் அணியில் இடம் காலியாகும்போது தேடப்படுவது குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யக்கூடியவன்தான். ஜீலாங்கின் டொம் ஸ்டூவர்ட் உள்ளூர் லீகிலும் மாநில லீகான விஎஃப்எல்லிலும் ஆடியபின், ஏஎஃப்எல் கிளப்புகள் புதியவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும், பெரும்பாலோர் 18 வயதில் தேர்வாகும் டிராஃப்டில் 23 வயதில் எடுக்கப்பட்டவர். 2017 இல் அறிமுகமானவர், அதன்பின் பலமுறை, அந்தந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்றார். கீழே ஆடிய ஆண்டுகளை அவர் தண்டனைக் காலமாக எண்ணியிருந்தால், பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே படிக்கும் அந்தக் கண் எங்கிருந்து வந்திருக்கும்?

செவ்வாய்க்கிழமை மாலை அந்த 19 வயதுப் பையனைத் தனியாக அழைத்து, விளக்குக் கம்பத்தின் கீழே, சேறான மூலையில் நிறுத்தினேன். அவனருகே ஒருவன், இருபது மீட்டர் தள்ளி இன்னும் இருவர். நான் நடுவிலிருந்து பந்தை உயரமாக உதைப்பேன். அது உச்சியைத் தொடுவதற்குள் போகிறானா இருக்கிறானா என்று அவன் உரக்கச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு உதைக்கும் அவன் வாயிலிருந்து வந்தது முணுமுணுப்புதான். ஏழாவதில் இருக்கிறேன் என்றான், இருந்தான். எட்டாவதில் போகிறேன் என்ற சத்தம் மைதானத்தின் மறுமுனையில் நின்றவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அவன் குத்திய பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைச் சாய்த்துவிட்டு வேலியில் போய் இடித்தது. பாட்டில்களை அவனையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒன்பதாவது பந்தை உதைத்தேன்.