கமிகின்: எரிமலைத் தீவில் குறைந்த செலவில் ஐந்து நாட்கள்

பிலிப்பைன்ஸின் தெற்கில், மிண்டனாவ் பெருந்தீவின் வடகரையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தொலைவில், கடலிலிருந்து நேராக எழுந்த மலைக்கூட்டமாகத் தெரிவது கமிகின். தீவைச் சுற்றிவரும் சாலையின் நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர்தான். மம்பாஹாவ், மஹினோக், கின்சிலிபான், சகாய், கட்டர்மான் என ஐந்து ஊர்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 93 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஊர்களைவிட எரிமலைகள் மிகுந்த தீவு என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். காட்டையும் கடலையும் பறவைகளையும் விரும்புகிற, ஆனால் கையில் அளவான பணமே உள்ள ஒருவருக்கு ஆசியாவில் இதைவிடப் பொருத்தமான எரிமலைத் தீவு அரிது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே பணம் கரைவது இரண்டு இடங்களில்: வந்துசேரும் வழியிலும், அவசரத்திலும். வழிச் செலவை ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. அவசரத்தை முழுவதுமாகத் தவிர்க்கலாம். இரண்டே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முனைபவர் வண்டியையும் ஓட்டுநரையும் நாள் வாடகைக்கு அமர்த்தி, படகைத் தனியாகப் பிடித்து, நடுப்பகல் வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டியிருக்கும். நான்கு அல்லது ஐந்து இரவுகள் தங்குபவர் அதே இடங்களைப் பாதிச் செலவில், காலையின் அமைதியில் காண்பார். ஆகவே, பயண நாட்கள் மொத்தம் ஏழுதான் என்றால், பிலிப்பைன்ஸின் வேறு மூன்று தீவுகளை அதனோடு சேர்க்காமல் கமிகினுக்கு மட்டுமே அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் நுழைவு விதிகள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் 2025 முதல் சுற்றுலாவுக்காக 14 நாட்கள் விசா இன்றிப் பிலிப்பைன்ஸில் தங்கலாம். அந்த நாட்களை நீட்டிக்க முடியாது. திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுகளுக்கு 30 நாட்கள் கிடைக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், சீட்டு வாங்கும் முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சென்னையிலிருந்து செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகச் செபுவுக்கோ மணிலாவுக்கோ போகிறார்கள். இரண்டு விமானங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் விலை குறையும். ஆனால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதற்காக இடையில் குடிநுழைவைக் கடக்க நேர்ந்தால், சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு விசா தேவைப்படும். மிச்சப்படுத்திய பணத்துக்கு மேல் இழக்க நேரிடும் இடம் இது. ஒரே சீட்டாக வாங்குங்கள், அல்லது தோளில் மாட்டும் பையோடு மட்டும் செல்லுங்கள்.

செபுவிலிருந்து கமிகினின் சிறு விமான நிலையத்துக்கே விமானம் உண்டு. நேரம் மிச்சம், விலை ஏறி இறங்கும். சிக்கனமாகச் செல்ல விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது செபுவிலிருந்து ககாயன் தே ஓரோ நகருக்கு இரவில் புறப்படும் கப்பலை. படுக்கை வசதியோடு விடியும்வரை பயணம் என்பதால் ஓர் இரவின் அறை வாடகையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ககாயன் தே ஓரோவின் அகோரா பேருந்து நிலையத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாலிங்கோவான் என்ற சிறு துறைமுக ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து கமிகினின் பெனோனி துறைக்கு வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்லும் படகுகள் காலையிலிருந்து மாலைவரை அடிக்கடி புறப்படுகின்றன. கடல் அமைதியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பிற்பகல் தாண்டிப் பாலிங்கோவானுக்குப் போய்ச் சேர்ந்தால் கடைசிப் படகைத் தவறவிட்டு அங்கேயே அறை தேட நேரிடும் என்பதால், நண்பகலுக்கு முன்பே அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். போஹோல் தீவின் ஹாக்னா துறையிலிருந்தும் கமிகினுக்குக் கப்பல் உண்டு. ஆனால் அதன் நேர அட்டவணை அவ்வப்போது மாறுவதால், புறப்படுவதற்கு முந்தைய நாளே துறையில் விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பணத்தைச் செபுவிலோ ககாயன் தே ஓரோவிலோ எடுத்துக்கொண்டு படகேறுங்கள். தீவில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் மம்பாஹாவில்தான் உள்ளன, வெளிநாட்டு அட்டையை எல்லாம் ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில மேலைநாட்டு அரசுகள் மேற்கு மிண்டனாவ் குறித்துக் கடுமையான பயண எச்சரிக்கை விடுத்துவந்துள்ளன. கமிகின் அத்தகைய கலவரங்களிலிருந்து விலகிய அமைதியான தீவுதான். இருந்தாலும் உங்கள் காப்பீடு மிண்டனாவ் பகுதி முழுவதையும் விலக்குகிறதா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

காலம் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை மழை குறைவு, கடல் தெளிவு. நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழைக்கு வாய்ப்பு மிகுதி. 2001 நவம்பரில் ஒரு புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவின் மண்ணும் மரங்களும் பாறைகளும் வெள்ளத்தோடு இறங்கி, தீவின் கிழக்குக் கரையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எரிமலைச் சரிவு செங்குத்தானது, அதன் மண் இளகியது என்பதால் அத்தீவில் மழையை ஒருபோதும் எளிதாக எண்ணக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். அக்டோபரில் லன்சோனெஸ் பழத் திருவிழாவும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ‘பனாஅத்’ என்னும் நேர்த்திக்கடன் நடையும் நடக்கும். பனாஅத்தில் பக்தர்கள் தீவு முழுவதையும், அந்த 64 கிலோமீட்டரையும், கிரிவலம் போலக் கால்நடையாகச் சுற்றிவருகிறார்கள். காண வேண்டிய காட்சிதான். எனினும் அந்த நாட்களில் அறைகள் நிரம்பி வாடகை ஏறும், அமைதி கிடைக்காது.

தங்குவதற்கு மம்பாஹாவுக்கு மேற்கே உள்ள யும்பிங், அகோஹோ, புக்-ஓங் ஆகிய கடற்கரைப் பகுதிகள் வசதியானவை. குடும்பங்கள் நடத்தும் எளிய விடுதிகளும் மின்விசிறி அறைகளும் அங்கே கிடைக்கும். குளிரூட்டி அறை வேண்டியதில்லை. இரவில் மலைக்காற்று இறங்குகிறது. முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, மறுநாள் நேரில் பார்த்து, நான்கு இரவுகளுக்குச் சேர்த்து வாடகை கேட்டால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள்.

தீவைச் சுற்ற வாடகை இருசக்கர வண்டியே சிறந்தது. ஒரு நாளுக்குச் சில நூறு பெசோ ஆகும். பல நாட்களுக்கு எடுத்தால் குறையும். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய ஓட்டுநர் உரிமம் வந்திறங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குச் செல்லும். ஆனால் அதில் இருசக்கர வண்டிக்கான அனுமதி இருக்க வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு காலையும் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள், குறிப்பாகச் சந்துகளிலிருந்து சாலையில் ஏறும்போது. ஓட்டத் தெரியாதவர்கள், மோட்டார் சைக்கிளோடு கூண்டு பொருத்திய ‘மோட்டோரேலா’ வண்டிகளில் உள்ளூர்க்காரர்களோடு பகிர்ந்து செல்லலாம். இருட்டியபின் அவை அரிதாகிவிடும்.

இனி எரிமலைகள். தீவின் இயற்கை அனைத்துக்கும் அவையே வேர் என்பதால், அவற்றின் கதையை அறிந்துகொண்டு போனால் பார்ப்பதெல்லாம் பொருள்படும். வடமேற்கில் நிற்கும் ஹிபோக்-ஹிபோக் 1,332 மீட்டர் உயரமானது. இன்றும் உயிருள்ள எரிமலையாகவே கருதப்படுகிறது. 1948இல் தொடங்கிய அதன் குமுறல் பல ஆண்டுகள் நீடித்தது. 1951 டிசம்பர் 4 காலையில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சரிவில் பாய்ந்து இறங்கியதில் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எரிமலைகளைக் கண்காணிக்க ஓர் அரசு அமைப்பு 1952இல் பிலிப்பைன்ஸில் உருவாக அந்தத் துயரமே காரணம். இன்றைய ‘பிவோல்க்ஸ்’ நிறுவனத்தின் முன்னோடி அதுதான். பயணத்துக்கு முன் அந்நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள்.

மேற்குக் கரையில் உள்ள வல்கன் இன்னும் வியப்பானது. 1871இல் சில மாத நிலநடுக்கங்களுக்குப் பின் தரை பிளந்து எரிகுழம்பு வெளிவரத் தொடங்கி, நான்கு ஆண்டுகளில் முன்பு இல்லாத ஒரு மலையே வளர்ந்து நின்றது. குழம்பு மிகக் கெட்டியானது என்பதால் ஓடிப் பரவாமல் குவிந்து எழுந்தது. 1875 ஜனவரியில் அங்கே வந்த பிரிட்டனின் ‘சேலஞ்சர்’ ஆய்வுக்கப்பலின் அறிஞர்கள், அப்போதும் கனன்றுகொண்டிருந்த அந்த மலையைக் கண்டு பதிவு செய்தார்கள். அருகிலிருந்த பழைய கட்டர்மான் ஊர் அழிந்தது. அதன் கல்லறைத் தோட்டம் கடலுக்குள் இறங்கியது. 1982இல் நட்ட பெரிய சிலுவை ஒன்று இன்று அந்த இடத்தைக் காட்டுகிறது. சற்றுத் தள்ளி போன்போன் பகுதியில், அவ்வூர்த் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் கூரையின்றி, பெருமரங்களுக்கு இடையில் நிற்கின்றன. மாலை நான்கு மணிக்குமேல் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, கதிர் மறையும் நேரத்துக்குச் சிலுவைக்கு எதிரே கரையில் அமருங்கள். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எனக்குத் தீவிலேயே இதற்கு ஈடான மாலை வேறில்லை. வல்கனின் சரிவில் சிலுவைப் பாதைச் சிலைகளோடு படிகள் ஏறுகின்றன; காலை ஏழு மணிக்குள் ஏறினால் வெயில் தெரியாது.

ஹிபோக்-ஹிபோக் உச்சிக்கு ஏறுவது உடல்வலிமை உள்ளவர்களுக்கே. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். மம்பாஹாவில் முந்தைய நாளே இரண்டையும் ஏற்பாடு செய்ய வேண்டும். வழிகாட்டியின் கட்டணம் குழுவுக்கானது என்பதால் விடுதியில் துணை தேடிக்கொண்டால் செலவு பங்காகும். மலையேறாதவர்களுக்கும் காடு கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. திம்பூங் மலையும் ஹிபோக்-ஹிபோக்கும் சேர்ந்த காப்புப் பகுதி 2015 முதல் ஆசியான் மரபுப் பூங்காக்களுள் ஒன்று. இத்தீவுக்கே உரிய ஒரு சின்னஞ்சிறு கிளி இங்கே வாழ்கிறது. தலைகீழாகத் தொங்கி உறங்கும் இனத்தைச் சேர்ந்த அதன் உறவுக் கிளிகளை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் பார்த்திருப்பீர்கள். மற்ற பிலிப்பைன்ஸ் தீவுகளில் உள்ள உறவினத்தில் ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடும். கமிகின் கிளியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த வேறுபாட்டை வைத்து 2006இல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். விடியலில், பூத்த மரங்களின் உச்சியில் கூர்ந்த கீச்சொலி கேட்டால் அசையாமல் நின்று பாருங்கள். அதைப் பிடித்து வளர்க்க விற்பவர் யாரேனும் எதிர்ப்பட்டால், படம் எடுக்கக்கூட நின்றுவிடாதீர்கள்.

நீர்நிலைகள் எரிமலையின் கொடை. பாறை வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் ஆழத்தில் சூடேறி மம்பாஹாவுக்கு மேலே ஆர்டென்ட் வெந்நீர் ஊற்றாகவும், சூடேறாமல் வடிகட்டப்பட்டுக் கட்டர்மானில் சாந்தோ நீனோ குளிரூற்றாகவும் வெளிவருகிறது. நுழைவுக் கட்டணங்கள் சிறியவையே. வெந்நீர் ஊற்றுக்கு மாலை அல்லது இரவு, குளிரூற்றுக்கு நடுப்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கதிபவாசன் அருவிக்கு வார நாளில், திறந்தவுடன் போங்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்கும்.

தீவின் கரைகள் எரிமலை மணலால் கருஞ்சாம்பல் நிறமானவை. ஆனால் யும்பிங்குக்கு எதிரே கடலில் ‘வெள்ளைத் தீவு’ என்று ஒரு மணல்திட்டு பவளத்துகளால் ஆனது. அலையும் நீரோட்டமும் அதன் வடிவை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மரமோ நிழலோ அதில் இல்லை. முதல் படகில், சூரியன் எழுமுன் போய், எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். படகுக்கான கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆகவே கரையில் காத்திருக்கும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். கிழக்கே காடு அடர்ந்த மந்திகே தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. பவளத்தின்மேல் கால் ஊன்றக் கூடாது. வெயில் தடுப்புக் களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை அணிந்து நீந்துங்கள். கின்சிலிபானின் கந்தாஆன் கடற்கரையில் ஊர்மக்கள் பேணும் பெருஞ்சிப்பிக் காப்பகத்தில், வழிகாட்டி சொல்வதை ஒட்டியே நீந்த வேண்டும்.

உணவுக்குக் ‘கரிந்தேரியா’ எனப்படும் தெருவோர உணவகங்கள் போதும். பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்த்து வேண்டியதைக் கேட்கலாம். சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், காய்கறிக் குழம்பிலும் பன்றி இறைச்சித் துண்டோ மீன் கூழோ இருக்கும். அறையில் அடுப்பு இருக்கும் விடுதியைத் தேர்ந்து, சந்தையில் அரிசியும் காயும் தேங்காயும் வாங்கிச் சமைப்பதே அவர்களுக்கு நல்லது. மரவள்ளிக்கிழங்கு மாவை மெல்லியதாக்கிப் பொரித்து, மேலே தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாகை ஊற்றித் தரும் ‘கீப்பிங்’ எல்லாரும் உண்ணலாம். அசைவர்கள் நாட்டுக்கோழியைத் தேங்காய்ப்பாலில் சமைத்த ‘சுரோல்’ கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் நாளில் மட்டும் நெருக்கமாகத் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டு விமானத்துக்கு முந்தைய இரவைச் செபுவிலேயே கழிக்கும்படி ஒரு நாள் முன்னதாகப் படகேறுங்கள். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் அந்த ஒரு நாள் உங்களைக் காக்கும். அக்டோபரில் போயிருந்தால், மலேசியாவில் லங்சாட் என்று அறியப்படும் லன்சோனெஸ் பழத்தை பெனோனி செல்லும் வழியில் கொத்தாக வாங்கி, படகின் மேல்தளத்தில் உரித்துத் தின்றபடி வரலாம். விதை கசக்கும், கடித்துவிடாதீர்கள்.