யூவி வேலைக்குக் கண்ணாடி வாங்க முதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குப் பளிங்கு மாதிரித் தெரிகிற சாமான் யூவிக்கும், அதாவது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளிக்கும், அப்படித்தான் இருக்கும் என்று நம்புவதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் யூவி என்று எதையெல்லாம் சொல்கிறோம் பாருங்கள். குசினியில் பூட்டியிருக்கிற தண்ணீர் பில்ரரில் ஒரு யூவி, கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் காசுத்தாளைப் பிடித்துப் பார்க்கிற ரோச் ஒரு யூவி, நகப்பூச்சுக் காய வைக்கிற சின்னப் பெட்டி ஒரு யூவி, ஸ்கிரீன் பிரின்ற் அடிக்கிறவரின் ஒளிப்பெட்டி இன்னொன்று, பல்கலைக்கழக ஆய்வுகூடத்து நிறமாலைமானி (ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கிற கருவி) வேறொன்று. பெயர் ஒன்றுதான், ஆனால் காசு பார்க்கிற ரோச் 365 அல்லது 395 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒளிர்கிறது, தண்ணீர் விளக்கு 254இல், கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று அளக்கிறவர் 220இல் நிற்கிறார். இந்த மூன்று இடத்திலும் கண்ணாடி மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஆகவே "யூவிக்குப் பாவிக்கலாமா?" என்று கடையில் கேட்டுப் பிரயோசனம் இல்லை, எத்தனை நானோமீற்றர் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

சாதாரண யன்னல் கண்ணாடி 365ஐப் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்குக் கீழே போகப் போக விழுங்கத் தொடங்கி, 300க்குக் கீழே கிட்டத்தட்ட எதையும் விடாது. தடிப்புக் கூடினால், கண்ணாடியில் இரும்பு கூடினால், அந்த எல்லை இன்னும் மேலே ஏறும். ஆய்வுகூட பீக்கர் செய்கிற போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் 254க்கு அதுவும் சுவர்தான். அங்கே குவாட்ஸ் வேண்டும், அதாவது உருக்கிய சிலிக்கா.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு பிழை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை: தேவையில்லாத இடத்தில் குவாட்ஸ் வாங்கிக் காசைக் கரைப்பது. ஸ்கிரீன் பிரின்ற் ஒளிப்பெட்டி 365க்கும் 405க்கும் இடையில் வேலை செய்கிறது, அந்தப் பெட்டியின் மேலே போட நல்ல தெளிவான யன்னல் கண்ணாடி தாராளமாகப் போதும். உடையாது என்று நினைத்து பொலிகாபனேற்றுத் தகடு போட்டால்தான் வில்லங்கம், அது 380 வரை எல்லாவற்றையும் மறித்துவிடும். கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான அக்கிரிலிக் தகடும் அப்படித்தான், வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க யூவியை உறிஞ்சும் மருந்து கலந்துதான் வருகிறது. யூவியை விடுகிற அக்கிரிலிக் என்று தனியாக ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அதுகூட 300க்குக் கீழே பெரிதாக உதவாது.

சரி, நைத்திரேற்று விசயத்துக்கு வருவோம், இங்கே இது சும்மா பாடப்புத்தகக் கதை இல்லை. வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்றை ஏற்றி வைத்திருப்பது ஊரறிந்த விசயம், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை அளக்க ஒரு சுலபமான வழி, தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கி 220இல் உறிஞ்சலைப் பார்ப்பது, பிறகு 275இல் பார்த்து அதன் இருமடங்கைக் கழிப்பது. கழிப்பது ஏனென்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற சேதனப் பொருளும் 220இல் உறிஞ்சும், நைத்திரேற்று 275இல் உறிஞ்சாது.

இதில் மாணவர்கள் விடுகிற பிழை எப்போதும் ஒன்றுதான். கையில் அகப்பட்ட குவெற்றை, அதாவது மாதிரித் தண்ணீரை ஊற்றிக் கருவிக்குள் வைக்கிற சின்னச் சதுரக் குப்பியை, எடுத்து வைப்பது. கண்ணாடிக் குவெற்றும் குவாட்ஸ் குவெற்றும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள், பிளாஸ்ரிக் குவெற்றில் பொலிஸ்ரைரீன் என்றால் 340க்குக் கீழே சரிவராது. மோசம் என்னவென்றால் கருவி உடனே கத்தாது. வெற்றுக் கரைசலை (நைத்திரேற்று இல்லாத நீரை) அதே கண்ணாடிக் குவெற்றில் வைத்துப் பூச்சியம் அடித்தால் அது பேசாமல் பூச்சியம் காட்டும், பிறகு மாதிரியை வைத்தால் ஏதோ ஒரு எண்ணும் வரும். உண்மையில் உணரிக்குப் போய்ச் சேருகிற ஒளி ஒன்றுமில்லை, கருவிக்குள் சிதறுகிற கள்ள ஒளியையும் இரைச்சலையும்தான் அளந்து கொண்டிருப்பீர்கள். அந்த எண்ணை வரைபில் போட்டு, நேர்கோடு வரவில்லை என்று கரைசலைத் திரும்பத் திரும்பக் கரைத்துக் கொண்டிருப்பதில் ஒரு பகல் போய்விடும். குவெற்றின் மேல் விளிம்பில் பெரும்பாலும் ஒரு எழுத்துப் பொறித்திருக்கும், 'கியூ' என்றால் குவாட்ஸ், 'ஜி' என்றால் கண்ணாடி. எழுத்து அழிந்துபோன குவெற் என்றால் வெறுமையாகக் கருவியில் வைத்து, காற்றுக்கு எதிராக (முதலில் ஒன்றும் வைக்காமல் பூச்சியம் அடித்துவிட்டு) 220இல் பாருங்கள். குவாட்ஸ் பெரும்பகுதியை விடும், கண்ணாடி எதையும் விடாது.

குவாட்ஸ் குவெற்றை எடுத்தும் பிழைக்கிறவர்கள் உண்டு. கழுவி முடித்துக் கெதியாகக் காயட்டும் என்று அசிற்றோன் ஊற்றிவிடுவார்கள். அசிற்றோன் 330க்குக் கீழே நன்றாக உறிஞ்சும், ஒரு துளி மிஞ்சினாலும் 220இல் அது நைத்திரேற்று வேடம் போடும். எதனோல் 210 வரை சரி, மெதனோல் 205 வரை. கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் அலசுவதுதான் பயமில்லாத வழி.

நிறமாலைமானி கையில் இல்லாதவருக்கு ஒரு சோதனை. இரசாயன ஆய்வுகூடங்களில் ரிஎல்சி தட்டு (கலவைகளைப் பிரித்துப் பார்க்கிற, மெல்லிய பூச்சுப் பூசிய தட்டு) இருக்கும், 254 என்று போட்ட வகை, 254 விளக்கின் கீழே முழுத் தட்டும் பச்சையாக ஒளிரும். சந்தேகமான துண்டை அதன் மேல் வையுங்கள். குவாட்ஸ் என்றால் கீழே பச்சை அப்படியே தெரியும், விளிம்பு மட்டும் ஒரு கோடாக நிற்கும். கண்ணாடி என்றால் அதன் வடிவத்திலேயே கன்னங்கரேலென்று ஒரு நிழல். நுணுக்குக்காட்டி வழுக்கி, கண்ணாடிக் குவெற், அக்கிரிலிக் எல்லாமே கறுப்பு. "குவாட்ஸ்தான் அண்ணை, நம்பி எடுங்கோ" என்று இணையத்தில் விற்கிறவர் சொன்ன சாமானுக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

குவாட்சிலும் சாதி இருக்கிறது. இயற்கைக் குவாட்சை உருக்கிச் செய்ததில் உலோக அழுக்கு மிச்சம் இருக்கும். 254க்குப் போதும், 220க்குக் கீழே தடுமாறும், பலமான யூவியில் கனகாலம் நின்றால் உள்ளே நிறம் பிடித்து மங்கும். செயற்கைச் சிலிக்கா 190 வரைக்கும் தெளிவு, விலையும் அப்படி. அதற்கும் கீழே போக வேண்டியவர் கல்சியம் புளோரைட்டு, மக்னீசியம் புளோரைட்டு என்று தேட வேண்டும், ஆனால் அங்கே காற்றில் உள்ள ஒட்சிசனே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும் என்பதால் அது வீட்டு வேலையோ கடை வேலையோ இல்லை. கல்சியம் புளோரைட்டு சூடு சட்டென்று மாறினால் வெடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது குசினிக்கு வருவோம். தண்ணீர் பில்ரரின் யூவி விளக்கு ஒரு குவாட்ஸ் உறைக்குள் நிற்கிறது, தண்ணீர் அந்த உறைக்கு வெளியே ஓடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கேத்தில் அடியில் என்ன செய்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதே வேலையை உறையிலும் செய்கிறது. விளக்குச் சூட்டில் உறையை ஒட்டிய தண்ணீர் சூடாக, கல்சியம் காபனேற்று அதன் மேலேயே படியும், ஒருவரும் தண்ணீர் திறக்காத இரவில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் கெதியாகப் படியும். மெல்லிய வெள்ளைப் படலம்தான், ஆனால் தண்ணீருக்குப் போக வேண்டிய 254ஐ அது மறிக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி உறையைக் கழற்றி வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ ஊறவிட்டு மெதுவான துணியால் துடையுங்கள். கம்பிப் பஞ்சு கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. உறை உடைந்தால் உள்ளூரில் அளவான கண்ணாடிக் குழாய் ஒன்றை வெட்டிப் பூட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் அந்தப் பில்ரரால் பிறகு ஒரு கிருமியும் சாகாது.

நீலமாக எரிகிறதுதானே, விளக்கு நல்லம் என்று இருப்பதும் பிழை. அந்த நீலம் இரச ஆவியின் கண்ணுக்குத் தெரிகிற ஒளி, கிருமியைக் கொல்கிற 254 கண்ணுக்குத் தெரியாது. விளக்கு மங்குவதும் அந்தத் தெரியாத பக்கத்தில்தான். வழமையாக 9000 மணித்தியாலம், அதாவது நிற்காமல் எரிந்தால் ஒரு வருடம் சொச்சம், அதற்குப் பிறகு எரிந்தாலும் மாற்ற வேண்டும். இன்னொன்று, இந்த விளக்கு நைத்திரேற்றையோ சுண்ணாம்பையோ எடுக்காது. யூவி பூட்டியிருக்கிறோம், கிணறு எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யூவி ஒளிப்பெட்டி செய்கிறவர்களுக்கு: உள்ளே வெள்ளைப் பெயின்ற் அடித்தால் ஒளி நன்றாகத் தெறிக்கும் என்று நினைப்பீர்கள். வெள்ளைப் பெயின்றில் இருக்கிறது தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அது 380க்குக் கீழே யூவியை உறிஞ்சும், உங்கள் வெள்ளைப் பெட்டி யூவிக்குக் கறுப்புப் பெட்டி. முகம் பார்க்கும் கண்ணாடியும் உதவாது, ஒளி முன்னுக்கு இருக்கிற கண்ணாடியை இரண்டு தரம் கடக்க வேண்டும். வெள்ளி இன்னும் ஏமாற்றுக்காரன், கண்ணொளிக்கு அதைவிடச் சிறந்த ஆடி இல்லை, 320க்குக் கிட்ட அதன் தெறிப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே விழுகிறது. அலுமினியம்தான் ஆள், சுத்தமான அலுமினியப் பூச்சு 254இல் ஏறக்குறைய 90 வீதம் தெறிக்கும். சமையல் அலுமினியத் தாளை ஒட்டினாலே வெள்ளைப் பெயின்றைவிட எவ்வளவோ மேல். சாதாரண துருப்பிடியாத உருக்கு பாதிகூடத் தெறிக்காது.

வில்லை வாங்குகிறவர் இரண்டு விசயம் பார்த்தால் போதும். கண்ணொளிக்கு 100 மில்லிமீற்றர் குவியத்தூரம் என்று எழுதிய சிலிக்கா வில்லை 254இல் ஏறக்குறைய 91இல் குவிக்கும், ஏனென்றால் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்கிற எண்) 1.46இலிருந்து 1.51க்கு ஏறுகிறது. சிவப்பு லேசரால் ஒழுங்குபடுத்திவிட்டு விளக்கைப் போட்டால் குவியம் வேறெங்கோ நிற்கும். மற்றது, இரண்டு வில்லையை ஒட்டிச் செய்த வகையில் ஒட்டுப் பசையே யூவியை உறிஞ்சி மஞ்சளாகும், கமராவுக்கான தெறிப்பெதிர்ப் பூச்சும் அப்படி. கீறலும் கவனம், கண்ணுக்குப் பரவாயில்லை என்கிற மேற்பரப்பு 254இல் சிவப்பு லேசரைவிட ஆறு மடங்கு சிதறடிக்கும்.

கறுப்பாகத் தெரிகிற யூவி பில்ரர் யூவியை மட்டும்தான் விடுகிறது என்று நினைக்காதீர்கள். பல வகைகள் 700க்குக் கிட்ட ஆழ்சிவப்பையும் கள்ளமாக விடும். கண் அதைப் பெரிதாகக் காணாது, சிலிக்கன் உணரியும் கமராவும் நன்றாகக் காணும், பிறகு யூவிப் படம் என்று நீங்கள் காட்டுவது பாதி அகச்சிவப்புப் படம். சிவப்பை மறிக்கிற இன்னொரு பில்ரரைச் சேர்த்துப் போட வேண்டும்.

குவாட்ஸ் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் யூவியில் காய்ந்து அவிந்து மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தாலும் வராது. தொட்டுவிட்டால் விளக்கைப் போட முதல் அற்ககோலால் துடைத்துவிடுங்கள்.

254 விளக்கை வெளியே எரிய விட்டு வேலை செய்கிறவருக்கு, அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலத்துக்குப் பிறகு, அநேகமாக இரவில், கண்ணுக்குள் மண் கொட்டினது போல அரிக்கும், வெல்டிங் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோலும் சிவக்கும். 185ஐயும் விடுகிற விளக்கு என்றால் ஓசோன் மணமும் வரும், அறையைத் திறந்து விடுங்கள். இங்கேதான் மேலே வேண்டாம் என்று தள்ளின பொலிகாபனேற்று கைகொடுக்கிறது. முழு முகத்தையும் மூடுகிற பொலிகாபனேற்றுக் கவசம் ஒன்று, நீட்டுக் கைச்சட்டை, கையுறை. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன்தானே என்று இருந்தால் பக்கவாட்டால் வருவதை அது மறிக்காது.