நூலகக் கருத்துக்கணிப்பு: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூ' கையெழுத்துக்காக வரிசையில் நிற்கும் மூன்றாமாண்டு மாணவனிடம் ஒரு படிவத்தை நீட்டி, "இதை நிரப்பிக் கொடுத்துட்டு வாங்க" என்று சொன்னோம். மேலே பதிவெண் எழுதவும் ஓர் இடம் விட்டிருந்தோம். அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'மிக நன்று' கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போய்விட்டான். அப்படி வந்த படிவங்களைத்தான் கூட்டிச் சராசரி போட்டு, கல்லூரிகளை மதிப்பிடும் 'நாக்' குழுவுக்கான கோப்பில் வைத்தோம். நூலகத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியவரவில்லை. கல்லூரி நூலகங்களில் வேலை பார்க்கும் பலருக்கும் இது பழக்கமான காட்சியாகத்தான் இருக்கும்.

கையெழுத்து வேண்டி நிற்பவர் குறை சொல்லமாட்டார். பதிவெண் கேட்டால் பயம் கூடும். துறையும் ஆண்டும் போதும். பருவத்தின் நடுவில், ஒரு அசைன்மென்ட்டுக்காக நூலகத்தை உண்மையிலேயே புரட்டிய பிறகு கேட்டால், அவர்களிடம் சொல்ல விஷயம் இருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நூலகப் பயிற்சி வகுப்பு முடிந்த கையோடு "புரிந்ததா, பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலைக் கற்றலுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட் இணையச் சேவை பற்றிய பயிற்சிக்குப் பிறகு 'நன்றாகத் தெரியும்' என்று டிக் அடித்திருந்த ஒரு மாணவியை இரண்டு வாரம் கழித்துக் கணினி முன் உட்காரவைத்து, மண்புழு உரம் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எடுத்துத் தரச் சொன்னேன். நேரே கூகுளுக்குப் போனாள். முதலில் வந்த பிடிஎஃபைத் திறந்தாள். எந்த இதழ், எந்த ஆண்டு என்று கேட்டதும் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். என்-லிஸ்ட் பயனர் பெயர் தன் மின்னஞ்சலில் கிடப்பதே அவளுக்கு நினைவில்லை. படிவத்தில் அவள் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஒரு திறமை குறைவாக இருப்பவர்கள் அந்தத் திறமையில் தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்வதை டன்னிங், க்ரூகர் என்ற உளவியலாளர்கள் 1999-இல் எழுதிக்காட்டினார்கள். நூலகப் பயிற்சியில் இதை நாள்தோறும் பார்க்கலாம்.

தயக்கம் எங்கே, தடை எது, என்ன தேவை என்பதையெல்லாம் கருத்துக்கணிப்பில் கேட்கலாம். தேடத் தெரியுமா என்பதைத் தேடச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். ஒரு கட்டுரையைக் கண்டுபிடி, இந்த இரண்டு மூலங்களில் எதை நம்புவாய், ஏன் என்று எழுது. இந்த மாதிரி மூன்று நான்கு சிறு வேலைகளைப் பயிற்சிக்கு முன்பும், ஒரு மாதம் கழித்தும் கொடுத்தால் நாம் சொல்லிக்கொடுத்ததில் எது நின்றது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, யாரைக் கேட்கிறோம்? படிவம் இஷ்யூ கவுன்ட்டரில் இருந்தால், கவுன்ட்டருக்கு வருபவர்தான் எழுதுவார். நூலகத்தால் பயனடையாதவர் அந்தப் பக்கமே வருவதில்லை. இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். மதியம் வகுப்பு தொடங்குகிறது. அது முடியும்போது பல இடங்களில் நூலகம் பூட்டிக் கிடக்கும். அவர்களைக் கேட்காமல் 'நூலக நேரம் திருப்திகரம்' என்று முடிவுகட்டுவது அநியாயம். வகுப்புக்கும் விடுதிக்கும் படிவத்தைக் கொண்டுபோங்கள். எந்தத் துறையிலிருந்து எத்தனை பதில் வந்தது என்பதையும் பாருங்கள். பாதிப் பேர் ஒரே துறை என்றால், அந்தச் சராசரி அந்தத் துறையின் குரல்தான்.

கேள்விகளின் மொழிக்கு வருவோம். 'ஓபேக் வசதி போதுமானதா?' என்று நாம் கேட்கிறோம். மாணவர்களுக்கு அது 'புக் தேடுற கம்ப்யூட்டர்'. 'பணியாளர்கள் அன்பாகவும் விரைவாகவும் உதவுகிறார்களா?' என்பது இரண்டு கேள்வி. அன்பாகப் பேசி அரைமணி நேரம் காக்கவைத்தால் அவர் எதை டிக் அடிப்பார்? தமிழ் வழியில் படிப்பவர்களுக்குத் தமிழிலும் படிவம் இருக்கட்டும். அச்சடிக்கும் முன் ஐந்து மாணவர்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் கேள்வியைத் திருத்துங்கள்.

ஒற்றை மதிப்பெண்ணும் ஏமாற்றும். அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய லிப்குவால் என்ற கணிப்பில் 22 அடிப்படைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நிறைவு, இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று 1 முதல் 9 வரையிலான அளவில் மூன்று பதில்கள். கிடைப்பது 6 என்று வையுங்கள். குறைந்தபட்ச எதிர்பார்ப்பு 4 என்றால் கவலையில்லை. 7 என்றால் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம். வெறும் 6 இதைச் சொல்லாது. 22 கேள்வியையும் அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை, நமக்கு முக்கியமான ஐந்தாறு விஷயங்களுக்கு இந்த முறையைக் கையாண்டாலே போதும்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. படிவத்துக்கும் அது பொருந்தும். மாதம் எத்தனை புத்தகம் எடுக்கிறார்கள் என்பது நூலக மென்பொருளான கோஹாவிலேயே இருக்கிறது, அதை அவர்களிடம் கேட்காதீர்கள். எந்தப் பதில் வந்தாலும் நாம் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

கணிப்பு முடிந்ததும் ஒரே ஒரு தாளில் முடிவுகளை எழுதி, நூலக வாசலிலும் துறைப் பலகைகளிலும் ஒட்டுங்கள். நீங்கள் கேட்டது இது, நாங்கள் செய்தது இது என்று இருக்கட்டும். 'மாலையில் திறந்திருக்கச் சொன்னீர்கள்; வாரம் இரண்டு நாள் ஏழு மணிவரை திறக்கிறோம். ஜன்னலோர மேசைகளுக்கு ப்ளக் பாயின்ட் கேட்டீர்கள். இந்த ஆண்டு நிதியில் இடமில்லை, அடுத்த ஆண்டுக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம்.' முடியாததையும் காரணத்தோடு அதே தாளில் சொல்லிவிடுங்கள்.